கை தப்பா, ஆட்டம் தப்பா?

மகள் குதிக்க வைத்தாள். இளவரசன் பள்ளத்தில் விழுந்தான். கீழே ஈட்டி முனைகள்.

"அப்பா, நான் கரெக்டாத்தான் அமுக்கினேன். கீதான் வேலை செய்யல."

"இல்லடா கண்ணு. ஓடிட்டு இருக்கறவன் நீ சொன்ன உடனே எம்ப மாட்டான். ஒரு அடி முன்னாடியே சொல்லணும்."

அவள் நம்பவில்லை. மறுபடி ஓடவிட்டாள், மறுபடி ஈட்டி. ஆறாவது முறை இளவரசன் எதிர்ச் சுவரின் விளிம்பை எட்டிப் பிடித்துத் தொங்கினான். ஷிஃப்ட் கீயை விடாமல் அழுத்தியிருந்ததில் அவள் சுண்டுவிரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. அங்கே வாழும் அந்த அப்பா முப்பது வருடமாகக் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர். எந்த ஆட்டத்தையும் எடைபோட அவரிடம் ஒரே படிக்கல்தான் உண்டு. தோற்றால் தப்பு யாருடையது? கையுடையதா, ஆட்டத்துடையதா? "என் கைதான் தப்பு" என்று ஆடுகிறவனுக்கே சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டால், அது ராத்திரி இரண்டு மணி வரை உட்கார வைக்கும் ஆட்டம். அது தெரியாமல் எரிச்சல் மட்டும் மிஞ்சினால், கிராஃபிக்ஸ் எவ்வளவு பளபளத்தாலும் இரண்டாம் நாள் அதைத் திறக்க மாட்டார்.

இந்தப் படிக்கல் அவர் கைக்கு வந்தது 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வில். தொண்ணூறுகளின் நடுவில், செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏசி அறைக்குள் போகவேண்டிய கம்ப்யூட்டர் கிளாஸ் காலம் அது. வேர்ட்ஸ்டாரும் டிபேஸும் நடத்தும் சார் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து ஃபிளாப்பி வெளியே வரும். டிரைவ் கரகரவென்று சத்தம் போடுவது ஹாலுக்கே கேட்கும் என்பதால் யாராவது ஒருவன் அப்போது சத்தமாக இருமுவான்.

ஜோர்டான் மெக்னர் 1989-ல் ஆப்பிள் II கம்ப்யூட்டருக்காகச் செய்த ஆட்டம் அது. தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் ஏறவும் வைத்து வீடியோ எடுத்து, அந்த அசைவுகளை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து வரைந்தார். அதனால்தான் இளவரசனின் உடம்புக்கு எடை உண்டு. ஓடுகிறவன் நிற்க ஓர் அடி வேண்டும், திரும்ப இன்னோர் அடி வேண்டும். ஒரு மாடி உயரம் விழுந்தால் ஒன்றுமில்லை, இரண்டு மாடி விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளி போகும், மூன்று என்றால் ஆள் காலி. இந்தக் கணக்கு முதல் லெவலிலிருந்து கடைசி லெவல் வரை கிட்டத்தட்ட மாறாது. மொத்தமும் முடிக்க 60 நிமிடம். டாஸ் பதிப்பில் மூன்றாவது லெவலை எட்டிய பிறகுதான் சேமிக்கவே முடியும். சேமித்தாலும் போன நிமிடம் போனதுதான்.

அந்த ஆட்டத்தில் அவர் இன்றும் தலைவணங்கும் இடம் ஒன்று உண்டு. மெக்னருக்கு ஆப்பிள் II-ன் நினைவகம் நிரம்பிவிட்டது, புதிய எதிரியின் படங்களை வைக்க இடமில்லை. இளவரசனின் படத்தையே கொஞ்சம் நகர்த்தி அதன் மேலேயே பொருத்தி, மினுங்கும் நிழலுருவம் ஒன்றைச் செய்துவிட்டார். நான்காவது லெவலில் ஒரு கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயும்போது மறுபக்கத்திலிருந்து அந்த நிழல் வெளியே வரும். பிறகு நாம் குடிக்கவேண்டிய மருந்தை அது குடித்துவிடும். நமக்கு முன்னால் கதவை மூடும். கடைசியில் வாளோடு எதிரே நிற்கும். அதை வெட்டினால் வெட்டு நமக்கே விழும். கிளாஸில் ஒரு வாரம் யாருக்கும் வழி தெரியவில்லை. வாளை உறையில் போட்டுவிட்டு நேரே அதை நோக்கி நடக்கவேண்டும் என்று கண்டுபிடித்தது, கீபோர்டில் கையே வைக்காமல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையன். விடையைப் படத்திலோ எழுத்திலோ எங்கேயும் சொல்லாமல், "வெட்டினால் எனக்கு வலிக்கிறது" என்ற ஒரே தகவலை மட்டும் கொடுத்து ஆடுகிறவனையே யோசிக்க வைத்த ஆட்டம் அதற்கு முன் அவருக்குத் தெரியாது.

'டேஞ்சரஸ் டேவ்' பற்றிக் கேட்டால் பலருக்குக் கண்ணில் நீர் வரும். ஜான் ரொமேரோ 1988-ல் எழுதியது. பத்து லெவல், ஒவ்வொன்றிலும் கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். இந்தியாவின் கம்ப்யூட்டர் கிளாஸ்களில் அது கிட்டத்தட்டப் பாடத்திட்டம். அவருக்கும் பாசம் உண்டு. ஆனால் பாசத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால் நல்ல ஆட்டம், அவ்வளவுதான் என்பது அவர் முடிவு. டேவ் எப்போதும் ஒரே உயரம் எம்புவான், எதிரிகள் ஒரே பாதையில் சுற்றுவார்கள். பாதையை மனப்பாடம் செய்துவிட்டால் அப்புறம் கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

கைக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் மூன்றாவது குற்றவாளி ஒன்றும் உண்டு: மெஷின். அந்தக் காலத்துக் கேபினெட்டில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருக்கும். பிராசசரின் வேகத்தை நம்பி எழுதப்பட்ட பழைய ஆட்டங்கள் புது மெஷினில் தலைதெறிக்க ஓடும். டர்போவை அணைத்தால் அடங்கும். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் சண்டை ஆட்டம் ஆடும்போது ஒரே நேரத்தில் மூன்று நான்கு கீ அழுந்தினால், சில சேர்க்கைகளைக் கீபோர்டு கண்டுகொள்ளவே செய்யாது. எத்தனை நட்பு அதில் கெட்டது! "நான் அடிச்சேன்டா", "அடிக்கவே இல்ல" என்று இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்பது அவருக்குப் பல வருடம் கழித்தே தெரிந்தது. இன்று மகளுக்குப் பழைய ஆட்டங்களைக் காட்டுவது டாஸ்பாக்ஸில். வேகம் அதிகமாகத் தெரிந்தால் கன்ட்ரோலோடு எஃப்11-ஐ நாலு தட்டு தட்டி, தன் விரல் ஞாபகத்தோடு ஒத்துப்போகும்வரை இறக்குவார். வீணைக்குச் சுருதி சேர்ப்பது மாதிரி அதற்கே பத்து நிமிடம் ஆகும். அதை முடிக்காமல் மகளை ஆட விடமாட்டார்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வேறு ஜாதி. 1997-ல் வந்தது. பிரவுசிங் சென்டரில் நான்கு கம்ப்யூட்டரை இணைத்து, மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்து ஆடியவர்களுக்குத் தெரியும்: தோல்வி நாற்பதாவது நிமிடத்தில் வரும், தப்பு ஐந்தாவது நிமிடத்தில் நடந்திருக்கும். பழப் புதரில் பழம் தீர்ந்து மூன்று கிராமவாசிகள் சும்மா நின்றிருப்பார்கள். நாமோ சண்டைக்குப் போன வில்லாளிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்போம். முதல் பாகத்தில் வீரர்களை வரிசையாகத் தயாரிக்கச் சொல்லிவிட்டு நகர முடியாது. ஒருவன் முடிந்தபின் அடுத்தவனுக்குத் திரும்ப வந்து ஆணை கொடுக்கவேண்டும். 1999-ல் வந்த இரண்டாம் பாகத்தில் வரிசையும் இருந்தது, சும்மா நிற்கும் ஆளைக் காட்டும் பட்டனும் வந்தது. அந்தப் பட்டனைத்தான் அவர் இரண்டாம் பாகத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்பார். எங்கோ ஒளிந்திருந்த தப்பை அது கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது.

அதே ஆட்டத்துக்கு 2022-ல் இந்தியப் பேரரசுகளின் சேர்க்கை வந்தபோது, திராவிடர் என்ற பிரிவும் ராஜேந்திர சோழனின் படையெடுப்புக் கதையும் வந்தன. வாளைச் சாட்டைபோல வீசும் சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், எதிரியின் கவசத்தை மதிக்காத உருக்கு. குதிரைப்படை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கடலும் காலாட்படையும்தான் பலம். முதல் நாள் கிராமவாசியைச் சொடுக்கியதும் அவன் தமிழில் பதில் சொன்னான். இருபது வருடத்துக்கு மேல் புரியாத பாஷைகளில் ஏவல் செய்த மனிதர்கள் திடீரென்று நம் பாஷையில் பேசியதில், அன்று அவர் மரம் வெட்ட ஆள் அனுப்புவதையே மறந்துவிட்டார். அந்த ஆட்டத்தில் தோற்றதற்கு அவர் யாரையும் குறைசொன்னதில்லை.

தனி ஆட்களும் சிறு குழுக்களும் செய்யும் இண்டி ஆட்டங்களுக்கு அவர் வந்து சேர்ந்தது தாமதமாகத்தான். மெஷினில் இடம் போதாத நெருக்கடி இல்லாதபோதும் சிறிய மேசை போன்ற எல்லைகளைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறவர்கள் இவர்கள் என்பதில் அவருக்கு மகிழ்ச்சி. லூகஸ் போப் 2013-ல் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' ஆட்டத்தில் நாம் எல்லைச் சாவடி அதிகாரி. பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு, விதிப் புத்தகம் எல்லாவற்றையும் விரித்துப் பார்க்க மேசையில் இடம் போதாது. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று மறையும். அந்த இடநெருக்கடிதான் ஆட்டம். ஒரு நாளில் முதல் இரண்டு தப்புக்கு எச்சரிக்கையோடு விடுவார்கள், மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடிப்பார்கள். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். ஜெமினி மேம்பாலத்தடியில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வெளியே ஃபைலை மார்போடு அணைத்தபடி வரிசையில் நிற்கும் முகங்களைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்கு, ஜன்னலுக்கு உள்ளே உட்காரும் ஆட்டம் லேசாக இருக்கவில்லை. ஒரு கிழவரின் தாளில் பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிய இரவு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை.

போப்பின் அடுத்த ஆட்டம் 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018). கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக, 1807-ல் ஆளில்லாமல் கரைக்கு வந்த கப்பலில் ஏறுகிறோம். கப்பலில் இருந்த 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்கவேண்டும். கறுப்பும் வெளுப்பும் மட்டுமான புள்ளிப் படம். அந்தக் கால மெக்கின்டாஷ் திரை மாதிரி. ஒவ்வொரு விடையாகச் சரிபார்க்க ஆட்டம் ஒப்புக்கொள்ளாது. மூன்று பேருடைய கதி முழுவதும் சரியாக இருந்தால்தான் உறுதி செய்யும். குருட்டாம்போக்கில் அடித்துவிடுகிறவனுக்கு அந்த ஒரு விதி வாசலை அடைத்துவிடுகிறது. மாலுமிகள் தூங்கும் தொங்குபடுக்கைகளில் எண்கள் கட்டியிருக்கும். அதைக் கவனிக்க அவருக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. ஆரம்பத்திலேயே அந்தப் படுக்கைகளைத் தாண்டி நடந்திருக்கிறார். இதைவிட நேர்மையாக ஓர் ஆட்டம் ஒருவனைத் தோற்கடிக்க முடியாது என்பார்.

'செலஸ்ட்' (2018) அவருடைய படிக்கல்லையே கொஞ்சம் தேய்த்தது. மலையேறும் பெண்ணின் கதை. பாறையின் விளிம்பிலிருந்து கால் விலகிய பிறகும் ஒரு நொடியின் சிறு பகுதிவரை குதிக்க அனுமதிக்கும் ஆட்டம் அது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அமுக்கிவிட்டாலும் தொட்டதும் எம்பும். இதைத் தெரிந்துகொண்ட அன்று அவருக்குக் கோபம் வந்தது, ஆட்டம் கைக்குப் பொய்ச் சாட்சி சொல்கிறதே என்று. ஒரு மாதம் ஆடிய பிறகு மாறினார். கண் இன்னும் கால் பாறையில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்யும். விரல் அதை நம்பித்தான் அமுக்கும். அந்த இடத்தில் விழவைத்தால் அது கையின் தப்பாக யாருக்கும் தோன்றாது. அதனால் அந்த ஒரு கணத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, மிச்ச இடங்களில் துளி இரக்கமில்லாமல் மலையை நட்டிருக்கிறார்கள். செத்தால் அதே திரையில் உடனே மறுபிறப்பு. மகளுக்கு இதுதான் பிடித்தது. பிரின்ஸின் 60 நிமிடத்தை அவள் கொடுமை என்கிறாள். இந்த விவாதம் அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை.

இந்தியாவிலிருந்து வந்தவற்றில் 2020-ல் வெளியான 'ராஜி'யின் கோட்டைகளையும், நிழல் பாவைக்கூத்து பாணியில் வரும் கதைப் பகுதிகளையும் அவர் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறார். நாம் திருப்ப முடியாத கேமராவால் தாவும் தூரம் கண்ணுக்குப் பிடிபடாத இடங்களில் மட்டும் அவருக்கு மனம் ஒப்பவில்லை.

'வெண்பா' டொரான்டோவில் உருவானது, 2023. எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. விட்டுப்போனதை நாம் யோசித்துச் சமைக்கவேண்டும். அடுத்த ஆண்டு அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. முதல் சமையல் இட்லி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஏண்டி, குழிக்கு நேரா குழி வச்சா ஆவி எப்படி மேல ஏறும்? தட்டைத் திருப்பு."

திருப்பினாள். சரியாக வந்தது. முப்பது வருட அனுபவஸ்தர் அதைச் சொல்வதற்குள் ஆட்டமே ஆடாதவர் சொல்லிவிட்டார். பாட்டியின் கை தினமும் அடுக்கிய அடுக்கு அது.

அப்பாவுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு குறை உண்டு, தன் அம்மாவிடமே சொன்னார். தப்பாகச் செய்தால் எதுவும் ஆவதில்லை, கை எதையும் இழப்பதில்லை என்று. பாட்டிக்கு அது சரியாகப் புரியவில்லை.

"அப்போ இட்லி கல்லு மாதிரி வந்தா என்னடா பண்ணுவா அவ?"

"மறுபடி முதல்லேர்ந்து செய்யலாம்மா."

"மாவு?"

"மாவு தீராதும்மா."

பாட்டி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் பேத்திக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.