சிற்றிலின் பரப்பு

நுழையும்முன்

விளையாட்டு என்பது வாழ்க்கையைப் போலச்செய்து பார்க்கும் முதற்பயிற்சி. அன்று மணலில் வீடு கட்டினார்கள். இன்று கணினித்திரையில் ஊரையே கட்டுகிறார்கள். அவ்வூர் எவ்வளவு பெரிதாக இருந்தால் அதில் வாழ்ந்த நிறைவு கிட்டும்? இவ்வினாவைத் தம் பட்டறிவின் வழியே ஆராய்கிறது இக்கட்டுரை.

மணலைக் குவித்து வீடு கட்டி, அடுப்பு மூட்டாமலே சோறு சமைத்து, வராத விருந்தினரை வரவேற்று மகிழ்ந்த சிறுமியரின் விளையாட்டில் எழுந்த வீட்டுக்குத் தமிழர் ‘சிற்றில்’ எனப் பெயரிட்டனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் அதற்கென ஒரு பருவமே உண்டு. சிற்றிலைச் சிதைக்க வரும் சிறுவனிடம், அதனை அழிக்க வேண்டா என்று சிறுமியர் மன்றாடுவதாகப் புலவர்கள் பாடினர். முழமளவு மணலுக்காக எவரேனும் மன்றாடுவரோ? அம்மணல் அவர்களுக்கு வீடாகிவிட்டது, அதனால்தான் மன்றாடினர்.

இன்று திறன்பேசியிலும் கணினியிலும் பலரும் விரும்பி ஆடும் வாழ்வியல் விளையாட்டுகளைச் சிற்றிலின் வழிவந்தவை என்றே நான் கருதுகிறேன். அவற்றில் பகைவரை வீழ்த்தும் வேலை பெரிதாக இல்லை. வீடு கட்டலாம், விதைக்கலாம், அண்டை வீட்டாருடன் பழகலாம். ஆயினும், புதிய விளையாட்டு ஒன்று வெளிவரும்போதெல்லாம் ‘அதன் உலகம் எவ்வளவு பெரியது?’ என்பதே பெரும்பாலோர் கேட்கும் முதல் வினாவாக இருக்கிறது. பல ஆண்டுகளாக இவ்விளையாட்டுகளை ஆடிவரும் எனக்கும் அவ்வினா புதிதன்று.

பெருவெளியின் பயணி

பரப்பே பெருமை என்றால், 2016ஆம் ஆண்டு வெளிவந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் விண்வெளிப் பயண விளையாட்டை விஞ்சுவது அரிது. சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என 64 கட்டங்களிலும் இரட்டித்து வைக்கும் கதையை நாம் அறிவோம். அந்நெல்மணிகளின் கூட்டுத்தொகையைவிட ஒன்றே ஒன்று கூடுதலான கோள்கள் அவ்விளையாட்டில் உள்ளன. ஒரு கோளுக்கு ஒரு நொடி செலவிட்டாலும் அனைத்தையும் காண 58,000 கோடி ஆண்டுகளுக்குமேல் ஆகும். கணக்கு வாய்பாடுகளைக் கொண்டு, நாம் நெருங்கும் வேளையில் அக்கோள்களைக் கணினி உருவாக்கித் தருகிறது.

ஒரு கோடை விடுமுறை முழுவதும் அவ்வெளியில் திரிந்தேன். ஒவ்வொரு நாளும் வியப்பு இருந்தது. ஆனால், ஏற்கெனவே கண்ட கோளுக்கு மீண்டும் செல்லும் விருப்பம் எனக்கு ஏற்படவில்லை. அங்கே நான் பயணியாக இருந்தேன், குடியாக இருக்கவில்லை.

வீடும் தெருவும்

1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக்லண்டு மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில், விளையாட்டு வடிவமைப்பாளர் வில் ரைட் தம் வீட்டை இழந்தார். இழந்த வாழ்வை மீண்டும் அமைக்கும்போது, மனிதருக்கு உண்மையில் எவையெல்லாம் தேவை என்று அவர் எண்ணிப் பார்த்தார். அவ்வெண்ணத்தினின்று வளர்ந்ததே 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி சிம்ஸ்’. முன்னர் ‘சிம்சிட்டி’யில் ஒரு நகரையே ஆளத் தந்தவர், இம்முறை ஒரு வீட்டை வாழத் தந்தார்.

2009இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஊர் முழுவதும் ஒரே வெளியாகத் திறந்தது. வீட்டைவிட்டு இறங்கி, தடையின்றிக் கடற்கரைவரை செல்ல முடிந்தது. நாம் காணாத வீடுகளிலும் திருமணங்கள் நிகழ்ந்தன, குழந்தைகள் பிறந்தன. ஊரார் அனைவரின் வாழ்வையும் ஒருசேர இயக்கியதால் கணினிகள் திணறின. 2014இல் வந்த நான்காம் பதிப்பு ஊரைச் சிறு பகுதிகளாகப் பிரித்தது. இயக்கம் விரைவாயிற்று, ஆனால், எதிர்வீட்டுக்குள் செல்வதற்கும் ஒரு காத்திருப்புத் திரையைக் கடக்க வேண்டியிருந்தது. அப்போது நான் இழந்ததாக உணர்ந்தது நிலப்பரப்பை அன்று. நான் காணாதபோதும் அயலார் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்னும் எண்ணத்தையே.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் நிலத்தை மட்டும் முதற்பொருளாகக் கொள்ளவில்லை. நிலத்தையும் பொழுதையும் இணைத்தே முதற்பொருள் என்றார். விளையாட்டு உலகின் அளவைக் கணிக்கவும் இவ்விரண்டும் வேண்டும்.

தொழில் நிமித்தமாகச் சிபாவிலிருந்து கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்த கட்சுயா எகுச்சி, குடும்பத்தையும் நண்பர்களையும் பிரிந்த தனிமையை உணர்ந்தார். அவ்வுணர்விலிருந்து பிறந்தது ‘அனிமல் கிராசிங்’. உலகமே வீட்டுக்குள் அடங்கியிருந்த 2020 மார்ச்சில் அவ்வரிசையின் புதிய விளையாட்டு வெளிவந்தது. அதில் உள்ளது ஒரு தீவு. அதில் குடியிருக்கும் விலங்குகள் பத்துக்கு மிகா. ஆனால், அத்தீவின் கடிகாரம் நம் கடிகாரத்தோடு ஒத்து ஓடுகிறது. இரவு பத்து மணிக்குக் கடை அடைக்கப்படும். பறித்த கனி மீண்டும் காய்க்க மூன்று நாள்கள் ஆகும். காத்திருந்தே ஆகவேண்டும்.

எரிக் பரோன் என்னும் தனியொருவர் நான்கு ஆண்டுகளுக்குமேல் உழைத்து 2016இல் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’யிலும் ஊர் சிறியதே. ஒரு பருவத்துக்கு 28 நாள்கள். ஆண்டுக்கு நான்கு பருவங்கள். அவ்வூராருக்குப் பிறந்தநாள் உண்டு. பிடித்த பொருள், பிடிக்காத பொருள் உண்டு. கிழமைக்கேற்ப நடமாட்டம் உண்டு. ஊரை ஒருமுறை சுற்றிவரச் சில நிமிடங்கள் போதும். அறிந்துகொள்ள மாதங்கள் வேண்டும்.

அம்மா அறிந்த ஊர்

தந்தையின் மறைவுக்குப் பின் அம்மாவைத் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தேன். நாற்பது வீடுகள் கொண்ட தெருவில் நாற்பது வீட்டுக் கதைகளையும் அறிந்திருந்தவர், இங்கே பால்கனியோடு நின்றுவிட்டார். “ஊரு பெருசுதான்மா. எனக்குத்தான் போக இடமில்ல” என்று ஒருநாள் கூறினார். அச்சொல் என்னைப் பல நாள்கள் உறங்கவிடவில்லை.

மாலைவேளைகளில் நான் ஸ்டார்டியூ வேலி ஆடுவதை அருகிலிருந்து பார்ப்பார். ஒருநாள், “ஏம்மா, இந்தக் கடைக்காரரு புதன்கிழமையானா கடையே தெறக்க மாட்டாரோ?” என்றார். பலமுறை பூட்டிய கதவுவரை சென்று திரும்பியும் நான் மனத்தில் கொள்ளாததை அவர் பார்த்தே அறிந்திருந்தார். கூடாரத்தில் தனியே வாழும் முதியவர் எந்நேரத்தில் எங்கிருப்பார் என்பதையும் அவரே எனக்குச் சொன்னார். திரையில் அவர் நிலத்தைப் பார்க்கவில்லை; மனிதரின் பொழுதுகளைப் பார்த்தார்.

சில வாரங்களில் காய்கறி வாங்க அவரே கீழே இறங்கலானார். தெருமுனையில் துணி தேய்ப்பவர் செவ்வாய்க்கிழமை வருவதில்லை, பூக்காரம்மாவின் பேத்திக்குப் பங்குனியில் பிறந்தநாள், மருந்துக்கடைப் பையன் மாலையில் கல்லூரிக்குச் செல்கிறான் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என்னிடம் சேர்த்தார். ஆறு ஆண்டுகளாக நான் நடந்துசென்ற தெரு அது. அவர் வந்தபின்னரே அது எனக்கு ஊராயிற்று. விளையாட்டு அவரை மாற்றிற்று என்று சொல்ல மாட்டேன். ஊரை அறியும் கலை அவரிடம் முன்பே இருந்தது. அதன் மதிப்பை எனக்கு உணர்த்த ஒரு சிறிய திரை உதவிற்று.

பெரிய உலகங்கள் வேண்டாதவை அல்ல. தொலைவைக் காணும் வேட்கையும் மனிதருக்கு இயல்பானதே. ஆனால், ‘எவ்வளவு தொலைவு செல்லலாம்?’ என்பது பயணி கேட்கும் வினா. ‘நான் வராவிட்டால் எவரேனும் தேடுவாரா? அவர் வராவிட்டால் எனக்குத் தெரியுமா?’ என்பவை குடியிருப்பவர் கேட்கும் வினாக்கள். விளையாட்டை ஆக்குவோரும் நகரங்களைத் திட்டமிடுவோரும் இவ்விரண்டு வினாக்களையும் தம் வரைபடத்தின் அருகில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.