ஓமந்தூருக்கு ஒரு டூர்: எந்தக் குழந்தையும் வீட்டில் நிற்காமல்!

அரைப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், வீட்டுக்கு வீடு ஒரு துண்டுக் காகிதம் வந்து சேரும். "சுற்றுலா செல்ல விருப்பமுள்ள மாணவ மாணவியர், கீழ்க்கண்ட தொகையை இந்தத் தேதிக்குள் செலுத்தவும்." குழந்தைக்கு அது சொர்க்கத்துக்கு டிக்கெட். அம்மாவுக்கோ மளிகைக் கடை பாக்கிக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய இன்னொரு வரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா, சகோதரிகளே? டூருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 2025-26-ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஐந்து நாள் வெயிலில் மண் வெட்டினால் 1,680 ரூபாய். டூர் பணம் கட்டியது போக மிச்சம் 180. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால் ஒன்பது நாள் கூலி போய்விடும். இதற்கு மேல் புதுச் செருப்பு, தின்பண்டம், கைச்செலவுக்குக் காசு. "எல்லாரும் ஐந்நூறு ரூபாய் எடுத்துக்கினு வராங்கம்மா" என்று குழந்தை சொல்லும்போது எந்தத் தாய்க்குத்தான் மனசு கேட்கும்? குழுவில் கடன் வாங்குவாள், அல்லது காதில் கிடப்பதைக் கழற்றுவாள்.

கடன் வாங்கியாவது அனுப்பிவிட்ட வீடுகளின் கதை இது. அனுப்ப முடியாத வீடுகளும் இருக்கின்றனவே!

சென்ற மாசியில் திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போயிருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தார். பேச்சு பிள்ளைகளின் படிப்புக்கு வந்தது. "எம்பொண்ணு ஏழாவது படிக்குதுங்க. கிளாஸே டூரு போச்சு. இதும் போகும்னு நெனச்சேன். அதுவே டீச்சராண்ட போயி, எனக்கு பஸ்ஸுல போனா வாந்தி வரும், நான் வரலன்னு சொல்லிட்டு வந்திருக்குது. எங்கிட்ட கேக்கவே இல்லீங்க. அதுக்கு ஒருநாளும் வாந்தி வந்ததில்ல."

அவர் அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கையிருப்பை எண்ணிப் பார்த்துப் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது. பணக் கணக்கில் சேராத செலவல்லவா இது!

ஊரின் பெயர் சென்னையிலே, ஊர் இங்கே

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருக்கிறது ஓமந்தூர். நெல்லும் கரும்பும் சவுக்கும் மல்லாட்டையும் விளைகிற பக்கம். (மல்லாட்டை என்றால் நம் வேர்க்கடலைதான். இந்தப் பக்கத்துக்காரர்கள் வேறு பெயர் சொல்ல மாட்டார்கள்!)

சென்னைக்கு டூர் போகும் பிள்ளைகள் அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தையும், அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியையும் பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டு வருவார்கள். அந்த ஓமந்தூரார் யார் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி இந்த ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள். ஆகஸ்டு 15-ந் தேதி சுதந்திரம் வந்தபோது மாகாண ஆட்சி இந்தக் கிராமத்து மனிதரின் கையில் இருந்தது. 1949 ஏப்ரல் வரை, இரண்டே ஆண்டுகள்தான். அதற்குள் என்னென்ன நடந்தது பாருங்கள்!

கோயில் வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர்கள் உள்ளே போகும் உரிமையை மாகாணம் முழுவதற்கும் தந்த ஆலயப் பிரவேசச் சட்டம், 1947. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆண்டுக்கணக்கில் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம், அதே 1947. ஜமீன்களை ஒழிக்கும் சட்டம், 1948. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2. பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு வாங்கியது, 1949-ல். அதனால்தான் இன்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரையும் கேட்காமல் பாரதி பாட்டுப் பாட முடிகிறது.

பதவியிலிருந்து இறங்கிய பிறகு வடலூரில் வள்ளலார் வழியில் கல்விப் பணி செய்து, 1970 ஆகஸ்டு 25-ல் காலமானார். ஓமந்தூரில் அவருக்கு அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது நான் நினைத்தது இதுதான்: வாசலில் நிறுத்தப்பட்டவர்களை உள்ளே விட்ட மனிதரைப் பற்றிப் படிக்க, வகுப்பில் பத்துப் பேரை வீட்டில் நிறுத்திவிட்டு வரலாமா?

ஒரே நாளில் எத்தனை பாடம்!

ஓமந்தூரோடு நிறுத்த வேண்டாம். காலையில் மணிமண்டபம். அங்கிருந்து மயிலம். சின்னக் குன்றின் மேல் முருகன் கோயில், ஏறுவதற்குக் குழந்தைகள் சளைக்க மாட்டார்கள். அடுத்து திருவக்கரை. வக்கிரகாளி அம்மன் சன்னதியும், சம்பந்தர் பாடிய சந்திரமௌலீஸ்வரர் சன்னதியும் ஒரே கோயிலில் இருக்கின்றன. பௌர்ணமியன்று மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள், கூட்டம் நெரியும்.

திருவக்கரையின் உண்மையான அதிசயம் கோயிலுக்கு வெளியே கிடக்கிறது. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன! இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பாதுகாக்கும் தேசியக் கல்மரப் பூங்கா இது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட கட்டை மாதிரி இருக்கும். கிட்டப் போனால் பட்டையின் கோடும் உள்வளையமும் அப்படியே தெரியும். தட்டினால் பாறை! கிளையும் வேரும் காணோம். வேறெங்கோ வளர்ந்த மரங்கள் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, கல்லானவை என்பதற்கு அதுவே அடையாளம் என்கிறார்கள். எந்தத் தீம் பார்க்கில் கிடைக்கும் இந்தப் பாடம்?

இன்னொரு வருஷம் செஞ்சி போகலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சேர்த்து வளைத்த கோட்டை. 1677-ல் சிவாஜி பிடித்தது. மொகலாயப் படை 1690-ல் முற்றுகையிட்டு, 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக இதுவும் சேர்ந்தது. வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறி வந்து பார்ப்பதை நம் பிள்ளைகள் கட்டுச்சோற்றோடு பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கம் போக ஆசையா? மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. நாம் குழம்பில் போடுகிற உப்பு எத்தனை பேர் கால் வெடிப்பில் விளைகிறது என்று பிள்ளைகள் ஒருமுறை பார்க்கட்டும். பக்கத்திலேயே 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரி. பனிக்காலத்தில் போனால் தூரதேசத்துப் பறவைகளைப் பார்க்கலாம்.

செலவு எங்கே ஏறுகிறது?

டூர் செலவைப் பிரித்துப் பார்த்தால் நாலே தலைப்புதான்: தூரம், இராத்தங்கல், ஓட்டல் சாப்பாடு, நுழைவுக் கட்டணம். பக்கத்து ஊருக்குப் பகலில் போய்வந்தால் முதலாவது பாதியாகிவிடும், இரண்டாவது இல்லவே இல்லை. சாப்பாட்டை நாம் கட்டிக் கொடுத்தால் மூன்றாவதும் போயிற்று.

மற்ற தேசங்களில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் பள்ளி நேரத்தில் நடக்கும் பயணத்துக்கு அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் கட்டணம் விதிக்க முடியாது. பெற்றோர் விரும்பிக் கொடுத்தால் வாங்கலாம். கொடுக்காத வீட்டுக் குழந்தையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. பணம் போதவில்லையா, பயணமே ரத்து. ஜப்பானில் பெரிய பள்ளிப் பயணத்துக்கு மாதா மாதம் சிறு தொகையாக முன்கூட்டியே சேர்ப்பது வழக்கம். நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான்! ஜூனிலிருந்து மாதம் ஐம்பது ரூபாய் போட்டால் ஜனவரி முடிய நானூறு ரூபாய் சேர்ந்துவிடும். ஒரு நாள் பயணம் என்றால் கடைசி நேரக் கடனுக்கு அவசியமே வராது.

கட்டுச்சோறும் கவனமும்

* புளியோதரை சாயங்காலம் வரை தாங்கும். தயிர்சாதம் கட்டுவதானால் பால் ஊற்றிப் பிசைந்து, தயிர் ஒரு ஸ்பூன் மட்டும் விடுங்கள். மதியத்துக்குள் பதமாக உறைந்திருக்கும், புளிக்காது.
* பாக்கெட் சிப்ஸுக்குப் பதில் அவித்த மல்லாட்டை. சத்தும் ஆச்சு, செலவும் குறைவு.
* உண்மையிலேயே வாந்தி வரும் குழந்தைக்குக் காலையில் இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார வைத்து வெளியே பார்க்கச் சொல்லுங்கள். ஓடும் பஸ்ஸில் புத்தகமோ செல்போனோ வேண்டாம்.
* செஞ்சி மலையில் வெயில் ஏறும் முன்பே ஏறி இறங்கிவிட வேண்டும். தொப்பி, தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் அவசியம். குரங்குகளுக்கு முன் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.
* வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் கழிவறைக்குப் பயந்து நாள் பூராவும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். நீர்க்கடுப்புக்கு இதுவே காரணமாகிவிடும். எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதை டீச்சர் முன்பே விசாரித்துச் சொல்லிவிட வேண்டும். பையில் நாப்கினும் பழைய செய்தித்தாளும் இருக்கட்டும்.
* கைச்செலவுக்கு எல்லாருக்கும் ஒரே தொகை என்று பள்ளியே சொல்லிவிடட்டும். ஐம்பது என்றால் ஐம்பதுதான்.

கேட்க வேண்டியது நாம்தான்

"டூரை நிறுத்துங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. ஊரை விட்டு வெளியே போய் உலகத்தைப் பார்ப்பது குழந்தைக்குச் சோறு மாதிரி. அதைப் பந்தியில் பாதிப் பேருக்குப் போட்டுவிட்டுப் பாதிப் பேரை எழுப்பிவிடக் கூடாது என்பதுதான் நம் பேச்சு.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் போதாது. ஜூன் மாதமே எழுந்து நின்று கேளுங்கள்: "டீச்சர், இந்த வருஷம் டூர் எங்கே? எவ்வளவு? வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வர முடியுமா? முடியாதென்றால் எல்லாரும் போகிற மாதிரி ஓர் இடம் சொல்லட்டுமா?"

அப்போது ஓமந்தூரைச் சொல்லுங்கள். உங்கள் ஊர் வேறு பக்கமா? அங்கேயும் ஒரு கோட்டை, ஒரு குன்று, நல்லது செய்த ஒரு மனிதர் பிறந்த வீடு இல்லாமலா போகும்? தேடிப் பாருங்கள். வாந்தி வரும் என்று பொய் சொல்ல வேண்டிய அவசியம் எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது.