வெடிக்க விட்ட நெற்று

புதுச்சேரியைச் சுற்றி இத்தனை பீங்கான் பட்டறைகள் முளைத்ததற்கு, 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி முக்கியக் காரணம். அங்கே கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களுமாக ஆரோவில் பக்கம் சூளை போட்டிருக்கிறார்கள். குயிலாப்பாளையத்தைத் தாண்டி நான் போனது அப்படியொரு பட்டறைக்கு.

இயற்கையைப் பார்த்துச் செய்த சிற்பம் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலுப்பு. பச்சை மண்ணில் இலையை அழுத்தி நரம்பெடுத்துவிட்டு அதையே கலை என்பவர்கள் அதிகம். ஆனால் இந்தப் பட்டறையின் சிற்பி செய்வது மந்தாரை நெற்று. ஆள் உயரத்துக்கு, உள்ளே கூடாக. மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்றி, மரக்கட்டையால் தட்டி வளைக்கிறார். மண்ணில் சுட்ட ஓட்டுத்தூள் கலந்திருக்கிறது, நறநறவென்று. அதைப் பிசைந்து கொடுப்பவர் பக்கத்து ஊர் அக்கா. கல் இருந்தால் உள்ளங்கையே சொல்லிவிடும் என்கிறார். கண்காட்சி அட்டையில் அவர் பெயர் வராது.

இந்த மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். மெல்லிய ஓரம் முந்திக் காயும். தடித்த நடு பிந்தும். அந்த இழுபறியில்தான் விரிசல். மரத்து நெற்று வெடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்: தோலின் நார் அடுக்குகள் வெவ்வேறு திசையில் சுருங்க, மூட்டுவாய் பிளந்து முறுக்கிக்கொள்ளும். முதலில் ஈரத்துணி, பிளாஸ்டிக் தாள் என்று பொத்திப் பொத்தி விரிசலைத் தடுத்துக்கொண்டிருந்த சிற்பி, இப்போது மூட்டுவாயை மட்டும் ஈரத்திலேயே கீறி, காற்றுக்குத் திறந்து விடுகிறார். அது தன் போக்கில் வாய் பிளக்கிறது. நான் பார்த்த ஒன்றில் பிளவின் உதடு வெளிப்பக்கமாகச் சுருண்டு நின்றது. கையால் வளைத்திருந்தால் அவ்வளவு நேர்த்தி வந்திருக்காது. அக்காவுக்கு மட்டும் இதில் சிரிப்பு: “வெடிச்சா கழிச்சிருவோம். இவங்க வெடிக்கலன்னா வருத்தப்படறாங்க.”

சூளைக்குச் சவுக்கு விறகு. 573 டிகிரியைக் கடக்கும்போது மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். இரண்டு தடவையும் அவசரப்பட்டால் போச்சு. 1,300 டிகிரியை நெருங்கினால் பறக்கும் சாம்பலே மண்ணின் மேல் உருகிப் பச்சை மெருகாக வழியும். எந்தப் பக்கம் வழியும் என்பது அடுக்குவதைப் பொறுத்தது.

அன்று அடுக்கும்போது அதைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. பிளவை நெருப்பு வாய்க்கு நேரே வைக்கச் சொன்னார் சிற்பி. விறகு போடுகிற பெரியவர் ஒப்பவில்லை. “நேரா வச்சா சாம்பல் உள்ள போய் வாயை அடைச்சிரும்மா. கொஞ்சம் சாய்ச்சு வைங்க, ஒரு உதட்டுல மட்டும் வழியட்டும்.” சிற்பி மறுபேச்சின்றி நெற்றைத் திருப்பினார். பெரியவர் அதற்குள் செங்கல்லை எடுத்து வாசலை அடைக்க ஆரம்பித்துவிட்டார்.