எந்தப் பக்கம்

2023 ஜூலை 9, சித்தூர்

"பேப்பர்ல மை சரியா விழலை பாரு" என்று இவர் காலையில் நீட்டினார். எனக்கு எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது.

ஜூலை 10, திருப்பதி

வலது கண்ணில் ரத்தக்குழாய் அடைப்பாம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மாதாமாதம் போட வேண்டும். பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாவட்டத்தை 2022-ல் பிரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் எங்களுக்கு இன்னும் திருப்பதிதான்.

ஜூலை 16

தூக்கமில்லை.

ஜூலை 21

பெங்களூரிலிருந்து பையன் போன் செய்தான். ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கைக்கு விட்டார்களே எம்ப்ரஸ் கப்பல், அதில் எங்களை அனுப்புகிறானாம். ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. "அப்பாவுக்கு ஒரு மாறுதலா இருக்கும். ஜன்னல் ரூம் எந்தப் பக்கம் போடட்டும், சொல்லும்மா."

பேத்தியின் அட்லஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ராமர் பாலத்தருகே கடலுக்கு ஆழமில்லை, பெரிய கப்பல் அந்த வழியில் போக முடியாது. இலங்கையின் கிழக்குக் கரைக்கு வெளியே இறங்கித்தான் தெற்கே போக வேண்டும். அப்படியானால் போகும்போது நிலமும் அஸ்தமனமும் வலப்பக்கம். திரும்பும்போது இரண்டும் இடப்பக்கம். பிரதட்சிணமாகக் கிளம்பிப் பாதியில் திரும்பிவிடுகிற கதை.

இவரிடம் சொன்னேன். "ரெண்டு பக்கமும் தண்ணிதான்" என்றார்.

அதுவும் சரிதான். அத்தனை பெரிய கப்பல் கரையை ஒட்டிப் போகாது. துறைமுகத்தில் எந்தப் பக்கத்தை அணைத்துக் கட்டுவார்கள் என்பதும் நம் கையில் இல்லை. மேல்தளத்துக்குப் போனால் நாலு பக்கமும் தெரியும். ஜன்னலுக்கென்று தனியாகப் பணம் கொடுப்பது வீண்.

ஜூலை 27

காபி டம்ளரை வழக்கம்போல வலது கைப்பக்கம் வைத்தேன். முழங்கை பட்டு உருண்டது. "சத்தமில்லாம வந்து வைக்காதே!" என்று கத்தினார். சாயங்காலம் வரை பேசவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 3

டம்ளர் இடப்பக்கம்.

ஆகஸ்ட் 7, திருமலை

நாளைக்கு ஊசி, இன்றைக்கே கிளம்பிவிட்டோம். சந்திரகிரி தாண்டியதிலிருந்து சேஷாசலம் இடப்பக்கமாகவே கூட வந்தது. ஜன்னலோரம் இவர். வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

தரிசனம் முடிந்து, 1944-ல் திறந்த பழைய சாலையில் இறங்கினோம். இப்போது அது இறங்குவதற்கு மட்டும். வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு பக்கம் மாறுகிறது. இவர் ஜன்னலில் ஒரு தரம் பாறையும் புதரும், அடுத்த தரம் கீழே திருப்பதி ஊரே விரிந்து கிடந்தது. எதிர்ச் சீட்டுப் பையன் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்குமாக ஓடி, அம்மாவிடம் ஒரு அடி வாங்கினான். இவர் சிரித்தார். எத்தனை நாளாயிற்று.

ஆகஸ்ட் 8

ஊசி முடிந்தது. வரும்போது மலை வலப்பக்கம். "இந்தப் பக்கம் உட்கார்ந்தா உங்களுக்கு மலை தெரியாதே" என்றேன். கேட்காமல் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னை இடப்பக்கம் உட்காரச் சொன்னார். சித்தூர் வரை என் பக்கமே திரும்பிப் பேசிக்கொண்டு வந்தார். மலையை நான்தான் எட்டி எட்டிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 13

பையன் மறுபடி போன். சீக்கிரம் சொல்லாவிட்டால் விலை ஏறிவிடுமாம். எந்தப் பக்கமானாலும் சரி, விலை குறைந்த ரூம் போதும் என்று சொல்லிவிட்டேன். போகலாம் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஊசி செப்டம்பர் முதல் வாரம்.