14 மணி நேரத் தணல்

கரி ஸ்மோக்கர் வாங்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது கம்பித்தட்டு எத்தனை சதுர அங்குலம் என்பதைத்தான். விற்பவர்களும் அதையே பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். தட்டு பெரிதாக இருந்தால் விருந்து நடந்துவிடும் என்ற நினைப்பு இந்தத் தொழிலுக்கே அவமரியாதை. 50 பேருக்கு, ஆளுக்கு 200 கிராம் என்றால் வெந்த கறி 10 கிலோ வேண்டும். பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறியில், அரிந்தெடுத்த கொழுப்பும் வற்றிய நீரும் போக ஏறக்குறையப் பாதிதான் தேறும். ஆக 20 கிலோ பச்சைக்கறி, முழுசாக மூன்று நான்கு துண்டுகள். இவற்றை அடுக்க இடம் கிடைத்துவிடும். 110 டிகிரி செல்சியஸில் 12, 14 மணி நேரம் தணலை நிறுத்துவதுதான் கஷ்டம். அதைத் தீர்மானிப்பவை கரித்தொட்டியின் கொள்ளளவும் காற்று புகும் வழிகளும்.

டெக்சஸ் பிட்மாஸ்டர்களையே படுத்தி எடுப்பது ‘ஸ்டால்’. கறியின் உள்வெப்பம் 65, 70 டிகிரி வரை ஒழுங்காக ஏறும். அப்புறம் மணிக்கணக்கில் அசையாது. கொலாஜன் கரையவே வெப்பம் செலவாகிறது என்று வெகுகாலம் காரணம் சொல்லிவந்தார்கள். இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் நீரில் ஊறிய ஸ்பாஞ்சையும் வெறும் கொழுப்புக் கட்டியையும் சூட்டில் வைத்துப் பார்த்தார். ஸ்பாஞ்சின் வெப்பம் பாதியில் நின்றது, கொழுப்பின் வெப்பம் நிற்காமல் ஏறியது. வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுபோல, ஆவியாகும் ஈரம்தான் கறியைக் குளிர்விக்கிறது. இது தெரியாதவர்கள் பதறிப்போய்க் காற்றுத்துளைகளை அகலத் திறக்கிறார்கள், கரியைக் கொட்டுகிறார்கள், நிமிடத்துக்கொரு தரம் மூடியைத் தூக்குகிறார்கள். புதுக்கரி பற்றும்போது கிளம்பும் வெண்புகை கறியில் கசப்பாகப் படியும். திறந்த மூடியால் பாய்ந்த காற்றில் தணல் சீறி, அடுப்பு 150 டிகிரியைத் தாண்டும். ஏறிய சூட்டை இறக்குவது ஏற்றுவதைவிடப் பலமடங்கு கடினம். கசிவுள்ள அடுப்பில் முடியவே முடியாது. அலுமினியத் தாளில் சுற்றினால் ஸ்டால் தீர்ந்துவிடுமே என்பார்கள். தீரும், ஆவியாதல் நின்றுவிடுகிறதல்லவா? ஆனால் பல மணி நேரம் காத்துப் பிடித்த கறுத்த பொருக்கு ஊறிப்போய்த் தோலாகிவிடும். கசாப்புத்தாள் அந்தச் சேதத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பொறுத்திருப்பதற்கேற்ற அடுப்பாகத்தான் வாங்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் 1981 முதல் விற்பனையில் இருக்கும் வெபர் ஸ்மோக்கி மவுண்டனின் 22 அங்குல அளவை நான் முதலில் சொல்வேன். கரி வளையம் நிறைய இன்னும் பற்றாத கரியை நிரப்பி, மேலே கொஞ்சம் கங்கு வைத்து மெல்ல இறங்கவிடும் மினியன் முறையில் ஓர் இரவு முழுக்க நிற்கும். 208 லிட்டர் பீப்பாயில் செய்யும் டிரம் ஸ்மோக்கரும் சளைத்ததல்ல. பீங்கான் கமாடோ கரியை மிகச் சிக்கனமாகத் தின்னும். ஆனால் சாதாரண அளவில் 50 பேருக்குப் போதாது. தீயறை பக்கவாட்டில் இருக்கும் ஆஃப்செட்டில், மலிவான, மெல்லிய தகட்டு வகையைத்தான் பெரிய விருந்துக்கென்று அதிகம் வாங்குகிறார்கள். ஆஃப்செட் உண்மையில் 6 மில்லிமீட்டர் தகட்டில், விறகுத் தீக்கென்று உருவான அடுப்பு. மெல்லிய தகட்டில் செய்து கரியைப் போட்டால் இரவெல்லாம் தூக்கம் போகும்.

கைபேசியோடு இணைந்த விசிறி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது இளையவர்களின் வாதம். கசிவில்லாத அடுப்பில் அது நல்ல கருவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் விசிறியால் காற்றை ஊதத்தான் முடியும்; கதவோரம் தானாகப் புகும் காற்றை நிறுத்த முடியாது. இருட்டான இடத்தில் கைபேசி டார்ச்சை அடுப்புக்குள் வைத்து மூடிப் பாருங்கள். வெளிச்சம் எங்கே கோடாகக் கசிகிறதோ, அங்கெல்லாம் காற்றும் புகும். இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் விசிறிக்குப் பணம் கொட்டுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரே பெரிய அடுப்பென்றால் ஒரே தீயைக் கவனித்தால் போதுமே என்று கேட்கலாம். ஆனால் ஒரு மூடியைத் திறந்தால் அத்தனை கறியும் ஆறும், அந்த ஒரு தீ கெட்டால் விருந்தே கெடும். நடுத்தர அடுப்புகள் இரண்டு இருந்தால் ஒன்றில் பிசகினாலும் பாதி தப்பும். நேரத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். வெந்த கறியைச் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் இறுக்கமாக மூடிவைத்தால் மூன்று மணி நேரமாவது 60 டிகிரிக்குக் கீழே போகாது. பந்தி மதியம் 1 மணிக்கென்றால் காலை 10 மணிக்குக் கறி இறங்கட்டும். முந்தைய இரவு 8 மணிக்கே கறி அடுப்பில் ஏறியாக வேண்டும்.