கரும்பு டிரெய்லர் சக்கரத்துக்குக் கிரீஸா, ஆயிலா?

கள்ளக்குறிச்சி பக்கத்து ஊர் ஒன்றில் அண்ணன், தம்பி இருவரும் சேர்ந்து 6 ஏக்கரில் கரும்பு வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு டிராக்டர், நாலு சக்கர டிரெய்லர் ஒன்று. சொந்தக் கரும்போடு அக்கம்பக்கத்தார் கரும்பையும் ஆலைக்கு ஏற்றிப் போகும் வாடகையில்தான் டிராக்டர் தவணை அடைகிறது.

போன அரவைப் பருவத்தில், இரவில் பாரத்தோடு போகும்போது டிரெய்லரின் பின் சக்கரம் ஒன்று கழன்று ஓடிவிட்டது. வண்டி சாய்ந்து நின்றது, கவிழவில்லை. கரும்புக்கு மேல் படுத்து வந்த வெட்டாள் இருவரும் உயிர் பிழைத்தது அந்தக் குடும்பத்தின் நல்ல நேரம். வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போக வேண்டும். தாமதமானால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். அந்தப் பாரம் இரண்டு நாள் கழித்துத்தான் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதோடு வீட்டில் வாக்குவாதம் தொடங்கியது. தம்பி துபாயில் பல வருடம் பெரிய டிரெய்லர் ஓட்டியவர். "அண்ணே, அங்க நான் ஓட்டுன வண்டியில ஹப்புக்குள்ள ஆயில்தான். மூடியில கண்ணாடி இருக்கும். காலையில ஒரு பார்வை பார்த்தா மட்டம் தெரிஞ்சிடும். நம்ம வண்டிக்கும் ஆயிலே ஊத்திடலாம்" என்றார். "அப்பா காலத்துல இருந்து கிரீஸ்தாண்டா வைக்கிறோம். வருசா வருசம் நானே வச்சிருக்கேன்" என்றார் அண்ணன். டிராக்டருக்கு முன்பணம் கட்டியது தம்பி. அதைப் பராமரித்தது அண்ணன். அதனால் பேச்சு பேரிங்கை விட்டு எங்கெங்கோ போனது. கடைசியில் அண்ணிதான், "ரெண்டு பேரும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்று முடித்துவைத்தார்.

மெக்கானிக் இருவர் சொன்னதையும் தள்ளவில்லை. நாள் முழுக்க வேகமாக, நெடுந்தூரம் ஓடும் பெரிய டிரெய்லருக்கு ஆயில் பொருத்தமானது. ஆயில் சுற்றிச் சுற்றி ஓடி, பேரிங்கின் சூட்டை வெளியே கடத்தும். ஆனால், அதற்கென்றே செய்த ஹப், மூடி, சீல் எல்லாம் வேண்டும். சீல் கிழிந்தால் ஆயில் முழுக்க ஒழுகி, கொஞ்ச தூரத்திலேயே பேரிங் கருகிவிடும்.

டிராக்டர் டிரெய்லரின் பிழைப்பு வேறு. அது ஓடுவது மெதுவாக, சேற்றிலும் புழுதியிலும். பருவம் முடிந்தால் மாதக்கணக்கில் களத்து மேட்டில் நிற்கும். அப்படி நிற்கும்போது ஆயில் கீழே இறங்கிவிடும்; மேல்பக்கத்து உருளைகளில் துரு ஏறும். கிரீஸ் ஒட்டிக்கொண்டு நிற்கும். சேறும் தூசியும் உள்ளே வராமல் ஓரளவு தடுக்கும். கிரீஸ் என்பதும் எண்ணெய்தான். அந்த எண்ணெயை ஒழுகாமல் பிடித்துவைக்க ஒரு சோப்புப் பொருள் சேர்த்திருக்கிறார்கள். மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை போட்ட நம் பெரியவர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியும்.

"அப்ப நான் சொன்னதுதானே சரி?" என்றார் அண்ணன்.

"ஹப்பைக் கழற்றிக் கழுவி எத்தனை வருசம் ஆச்சுண்ணே?" என்று கேட்டார் மெக்கானிக். அண்ணனிடம் பதில் இல்லை. வருடா வருடம் மூடியைத் திறந்து, பழைய கிரீஸுக்கு மேலேயே புது கிரீஸை அப்பியிருக்கிறார். மீதி மூன்று சக்கரங்களையும் கழற்றியபோது உண்மை தெரிந்தது. உள்பக்கத்துப் பேரிங்குக்குப் புது கிரீஸ் போகவே இல்லை. ஒரு ஹப்பில் கிரீஸ் மோர் போல வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்ததற்கு அது அடையாளம். இன்னொன்றில் நட்டைப் பூட்டும் காட்டர் பின்னுக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி. பாரம் இறக்கிய கையோடு டிரெய்லரை ஏரித் தண்ணீரில் விட்டுக் கழுவும் பழக்கமும் இருந்தது. சூடான ஹப் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

அரவைப் பருவத்துக்கு முன்பு எல்லா டிரெய்லருக்கும் செய்ய வேண்டிய வேலை இதுதான். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியோடு தாங்குகட்டையும் வைத்து, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றுங்கள். பேரிங்கையும் ஹப்பையும் டீசலில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். உருளைகளில் குழி, நீலம் பாய்ந்த நிறம், கீறல் இருந்தால் உள் பகுதி, வெளி வளையம் இரண்டையும் சோடியாக மாற்றுங்கள். சக்கர பேரிங்குக்கு ஏற்ற லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்துங்கள். மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை சுற்றிலும் இப்படிச் செய்ய வேண்டும். ஹப்பின் உள்ளறையில் பாதிக்கு மேல் கிரீஸ் வேண்டாம். திணித்து அடைத்தால் சூடேறி, சீலைத் தள்ளிவிடும். வகை தெரியாத பழைய கிரீஸோடு புதியதைக் கலக்கவே கூடாது. சில வகைகள் கலந்தால் இளகி ஒழுகிவிடும்.

சீலும் காட்டர் பின்னும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்திப் பூட்டுங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது.

இப்போது அந்த வீட்டில் கிரீஸ்தான். ஆனால், துபாய்ப் பழக்கம் ஒன்றைத் தம்பி விடவில்லை. ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது, நாலு ஹப்புக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பாரம் இறக்கியதும் அதைக் கழற்றுகிறார்கள். கழுவிக் கிரீஸ் வைத்த தேதியை அண்ணன் டிரெய்லர் சட்டத்திலேயே பெயின்டில் எழுதிவைக்கிறார். பாரத்தின் மேல் ஆள் ஏறக் கூடாது என்பதை மட்டும் அண்ணி பார்த்துக்கொள்கிறார். அதில் அண்ணன், தம்பி யார் பேச்சும் எடுபடுவதில்லை.