படங்களுக்கு ஒரு வீடு போதுமா?

ஒரு குடும்பத்தின் செல்வம் யாது என வினவினால் காணி என்பார் சிலர், கால்நடை என்பார் சிலர், கல்வி என்பார் கற்றோர். நிழற்படங்களை அக்கணக்கிலே சேர்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும், வீட்டைவிட்டு ஓடவேண்டிய நேரம் வந்தபோது காணி உறுதியோடு கல்யாணப் படத்தையும் சேலைத் தலைப்பிலே சுற்றிக்கொண்டு சென்ற தாய்மாரை எமது கிழக்குக் கரை நன்கறியும். யுத்தகால இடப்பெயர்வுகளிலே அங்ஙனம் தப்பிய படங்கள் சில, தப்பாதவை பல.

பின்னர் 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி வந்தது. திருக்கோவிலை அடுத்துள்ள எமது வினாயகபுரம் தொடங்கி, வடக்கே சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை வரையிலும் கடல் ஊருக்குள் நுழைந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிரிழப்பின் முன்னே பொருளிழப்பைப் பேசுதல் தகாது. எனினும், இறந்தவரின் முகத்தைக் காட்டும் படமும் உடன் போயிற்றே என்னும் ஏக்கம் பல வீடுகளில் இன்றும் ஆறவில்லை. எமது தாயாரின் படம் ஒன்றுகூட எம் வீட்டிலே எஞ்சவில்லை. இன்று எம்மிடம் உள்ள ஒரேயொரு படம், பல ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனிலிருந்த மாமாவுக்குத் தபாலில் அனுப்பிய பிரதியாகும். அதன் பின்புறத்திலே பெயரும் ஆண்டும் மையினால் எழுதப்பட்டுள்ளன. வெகு தூரத்திலே இன்னொரு பிரதி இருந்தமையாலேயே எமது தாயாரின் முகத்தை எம் பேரப்பிள்ளைகள் அறிந்தனர்.

2011 மார்ச் 11 ஆம் திகதி ஜப்பானைச் சுனாமி தாக்கிய பின்னர், ஃபூஜிஃபில்ம் நிறுவனத்தாரும் தொண்டர்களும் சேற்றிலே கிடந்த குடும்பப் படங்களைத் திரட்டி, நீரிலே மெல்லக் கழுவி, உலர்த்தி, உரியவரிடம் சேர்ப்பிக்க முயன்றனர். காகிதப் படத்துக்கு அந்த வாய்ப்பேனும் உண்டு. கைத்தொலைபேசியில் மட்டும் உள்ள படத்துக்கோ, தொலைபேசி பழுதானால் அதுவும் அரிது.

ஆகையால், படங்களை இணையத்திலே வைத்துப் பகிர்ந்துகொள்ளும் சேவைகளைப் பற்றிச் சிந்திப்பது இக்காலக் குடும்பங்களுக்கு அவசியமாகிறது. அண்மையிலே எமது வீட்டில் ஒரு திருமணம் நடந்தேறியது. படங்கள் ஆயிரத்துக்கு மேல். உறவினரோ கட்டாரிலும் கனடாவிலும் இலண்டனிலுமாகப் பரந்துள்ளனர். "கூகுள் போட்டோஸில் போடுவோம்" என்றான் மகன். "பேஸ்புக்கில் போட்டால் எல்லாரும் பார்ப்பார்களே" என்றாள் மருமகள். "வாட்ஸ்அப் குழுவிலே அனுப்புங்கள், போதும்" என்றார் சம்பந்தியார். புகைப்படக் கலையிலே ஆர்வமுள்ள பேரன் ஃபிளிக்கரே சிறந்தது என வாதிட்டான். நால்வர் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஆனால், நால்வரும் ஒரே பணியைக் குறித்துப் பேசவில்லை.

வயல் செய்யும் எம்மவர்க்கு இது விளங்காத காரியமன்று. அறுவடை முடிந்ததும் விதைக்கென ஒரு பங்கு, உணவுக்கென ஒரு பங்கு, விற்பனைக்கென ஒரு பங்கு எனப் பிரித்து வைப்பர். விதைநெல்லைச் சந்தைக்கு அனுப்புவாருமில்லை. விற்கும் நெல்லைப் பக்குவம் பார்த்துப் பொத்தி வைப்பாருமில்லை. அவ்வாறே படங்களிலும் பேணுதல், உறவினர்க்குக் காட்டுதல், உலகுக்கு வழங்குதல் என மூன்று பணிகள் உள. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இடம் வேறு.

முதலாவது பேணுதல். இதனை ஒரு நிறுவனத்தின் தயவிலே மட்டும் விட்டுவிடலாமா? சென்ற கால வரலாற்றைப் பார்ப்போம். 1999 இல் தோன்றிய ஒஃபோட்டோ என்னும் சேவையைப் புகழ்பெற்ற கொடாக் நிறுவனம் 2001 இல் வாங்கியது. கொடாக்கே 2012 இல் வங்குரோத்து நிலையை அடைந்தது. அவ்வாண்டு ஜூலையிலே அந்தப் படக்கூடமும் மூடப்பட்டது. ஃபிளிக்கர் 2004 இல் கனடாவிலே பிறந்து, 2005 இல் யாஹுவின் கைக்குப் போயிற்று. 2013 இல் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இடம் இலவசம் என்றது. 2018 இல் ஸ்மக்மக் என்னும் நிறுவனம் அதனை வாங்கி, இலவசமாக வைத்திருக்கும் படங்கள் ஆயிரத்துக்கு மேற்படலாகாது என விதித்தது. ஃபோட்டோபக்கெட் சேவையோ 2017 இல், தன்னிடமுள்ள படங்களைப் பிற தளங்களிலே காட்ட விரும்புவோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டொலர் செலுத்த வேண்டும் எனத் திடீரென அறிவித்தது. கூகுள் போட்டோஸ் 2015 இல் அளவில்லாத இலவச இடத்தோடு தொடங்கி, 2021 ஜூன் முதலாம் திகதியுடன் அச்சலுகையை நிறுத்திக்கொண்டது.

இவர்களைக் குறை கூறுவதற்காக இவற்றை எழுதவில்லை. வியாபாரம் நடத்துவோர் விலையை மாற்றுவர், கடையையும் மூடுவர், அஃது இயல்பு. அவர்களது கடை எமது பெட்டகம் ஆகாது என்பதை உணர்ந்து நடப்பதே எமது கடன். புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோ பரப்பிய எளிய விதி ஒன்று இங்கே உதவும்: பிரதிகள் மூன்று இருத்தல் வேண்டும், அவை இரு வேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், ஒன்றேனும் வேறு ஊரில் இருத்தல் வேண்டும். கணினியில் ஒன்று, தனியான வன்தட்டில் ஒன்று, இணையச் சேவையில் ஒன்று என வைத்தால் இவ்விதி நிறைவேறும்.

கூகுள் கணக்கிலே இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட். மின்னஞ்சலும் ஏனைய கோப்புகளும் அதனையே பங்குபோட்டுக்கொள்ளும். ஒரு படம் 3 மெகாபைட் எனக் கொண்டால், முழு இடத்தையும் கொடுத்தாலும் ஏறத்தாழ 5,000 படங்களே அடங்கும். காணொளிகள் சேருமாயின் இடம் விரைவிலே தீரும். அப்பிளின் ஐகிளவுட் இலவசமாகத் தருவது 5 ஜிகாபைட் மட்டுமே. ஆதலின், ஒரே காட்சியின் பத்துப் படங்களுள் நல்லன இரண்டைத் தெரிந்து வைத்து, ஏனையவற்றை நீக்கப் பழகுதல் நன்று.

இரண்டாவது, உறவினர்க்குக் காட்டுதல். இதற்கு வாட்ஸ்அப் மிக வசதியானது. கிழவரும் குழந்தையும் அதனைக் கையாள்வர். ஆனால், அது சாதாரணமாக அனுப்பும் படத்தின் அளவைச் சுருக்கிவிடுகிறது. கைத்தொலைபேசித் திரையிலே அழகாகத் தோன்றும் அப்படம், பெரிதாக அச்சிட்டதும் மங்கிவிடும். மூலப்படம் அவ்வாறே செல்லவேண்டுமாயின் அதனை ஆவணமாக இணைத்து அனுப்புதல் வேண்டும். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தை மூலப்படமென எண்ணிப் பேணுவது, விதைநெல்லென்று பதரைக் கட்டி வைப்பதை ஒக்கும்.

காட்டுவதிலே அளவும் வேண்டும். எமது பகுதியிலே தமிழர் வீடாயினும் முஸ்லிம்கள் வீடாயினும், பெண்கள் கூடியிருக்கும் அறையில் எடுத்த படம் அவர்களுக்கு மட்டுமே உரியது. சாமத்தியச் சடங்கின் படங்களையும் சிறுமியின் விருப்பம் அறியாது ஊருக்குக் காட்டலாகாது. ஆதலின் ஒரே விழாவுக்கு இரண்டு தொகுப்புகள் அமைத்தோம். உறவினர் அனைவர்க்கும் ஒன்று; வீட்டுப் பெண்களுக்கு மற்றொன்று. இணைப்பு முகவரியைப் பெற்ற எவரும் தொகுப்பைத் திறக்கக்கூடும் என்பதையும், கைத்தொலைபேசிப் படத்தினுள்ளே வீடு இருக்கும் இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கக்கூடும் என்பதையும் இளைஞர் மறத்தலாகாது.

மூன்றாவது, உலகுக்கு வழங்குதல். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தம், கரைவலை இழுக்கும் காட்சி, பழைய பாடசாலைக் கட்டிடம் ஆகியன ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியவையல்ல. இத்தகைய படங்களுக்கு ஃபிளிக்கர் ஏற்ற இடம். பேரன் சொன்னது இங்கே பொருந்தும். இலவசக் கணக்கிலே மறைவாக வைக்கும் படங்கள் ஐம்பதுக்கு மேற்படலாகாது என 2022 இல் அச்சேவை விதித்தமையால், குடும்பப் பெட்டகமாக அது உதவாது. 2004 முதல் இயங்கும் விக்கிமீடியா பொதுவகத்திலும் நாம் எடுத்த படங்களைச் சேர்க்கலாம். ஆனால், அங்கே சேர்த்த படத்தை எவரும், வியாபாரத்துக்கும்கூட, பயன்படுத்த உரிமை உண்டு என்பதை அறிந்தே கொடுத்தல் வேண்டும். ஈழத்து எழுத்துக்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனத்தின் பணியையும் இவ்விடத்தில் நன்றியோடு நினைத்தல் தகும்.

எந்தச் சேவையைத் தெரிவு செய்வதாயினும், நுழையுமுன்னர் வெளியேறும் வாசலைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று. போட்ட படங்கள் அனைத்தையும் ஒருங்கே திரும்ப எடுக்கலாமா? எடுக்கும்போது திகதியும் குறிப்பும் உடன் வருமா? கணக்குக்கு உரியவர் காலமானால் யார் திறப்பது? இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனியார் கணக்குகளை நீக்கக்கூடும் எனக் கூகுள் 2023 இல் அறிவித்தது. கணக்கு இவ்வாறு செயலற்றுப் போனால் யாருக்கு அறிவிப்பது என்பதை முற்கூட்டியே பதிந்துவைக்கும் வசதியும் அங்கு உண்டு. அப்பிளிலும் 2021 முதல் அத்தகைய ஏற்பாடு இருக்கின்றது. காணிக்கு உரித்தாளியை எழுதி வைக்கும் நாம் படங்களுக்கும் ஒருவரை எழுதி வைத்தாலென்ன?

எமது வீட்டிலே முடிவானது இதுவே. மூலப்படங்கள் வன்தட்டிலே வினாயகபுரத்தில் ஒன்றும், கனடாவிலுள்ள மகளிடம் ஒன்றுமாக இருக்கின்றன. தெரிந்தெடுத்தவை கூகுள் போட்டோஸில் தொகுப்புகளாக உள்ளன. செய்தியும் சிரிப்பும் வாட்ஸ்அப்பிலே. ஊர்ப் படங்கள் பேரனின் ஃபிளிக்கரிலே. பேஸ்புக்கிலே மணமக்கள் சம்மதித்த ஆறு படங்கள் மட்டும். இவற்றோடு நாற்பது படங்களைக் காகிதத்திலும் அச்சிட்டோம். அவற்றைப் பார்க்க மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கருவிகளை நீங்கள் எம்மிலும் நன்கு அறிவீர்கள். ஆனால், படத்திலுள்ள முகங்களை அறிந்தவர் உங்கள் பாட்டிமாரே. வருகின்ற விடுமுறையில் பத்துப் பழைய படங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகே அமருங்கள். இவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு எனக் கேட்டு எழுதுங்கள். பின்னர் படத்தையும் எழுத்தையும் சேர்த்து இரண்டு இடங்களிலே வையுங்கள். சேவைகள் மாறும்போது படத்தை இன்னொரு சேவைக்கு நகர்த்திக்கொள்ளலாம். பெயர் சொல்ல ஆளில்லாமற் போன முகத்துக்கு எந்தச் சேவையும் பெயரை மீட்டுத் தரமாட்டாது.